கத்தியும் பிடியும் நம் உரிமையும்
(கிளிநொச்சியில் நடந்த தொழிலாளர் குடும்ப ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



இன்று நாம் பேசப்போவது கத்தியைப் பற்றி. காலையில் கையில் எடுத்தால் மாலையில்தான் கீழே வைக்கிறோம். ஆனால் அது எப்படிச் செய்யப்பட்டிருக்கிறது என்று நின்று பார்ப்பதில்லை.

கத்தியின் வெட்டும் ஓரம் வாய். எதிர்ப்பக்கம் முதுகு. முதுகு தடித்திருந்தால் ஓங்கி வெட்டப் பாரம் கிடைக்கும். மெலிந்திருந்தால் இழுத்து அறுக்க இலகு. அலகின் அடியில் மெலிந்து நீளும் இரும்பு, பிடிக்குள் இறங்குகிறது. அந்த இடத்தில் மரம் பிளக்காமல் இறுக்கிப் பிடிப்பது பூண்.

நல்ல கொல்லர் வாயை மட்டும் இறுக்கி, முதுகைச் சற்று மிருதுவாக விடுவார். முழுக்க இறுகினால் கல்லில் பட்டதும் ஒடியும். இறுகாவிட்டால் வாய் மடியும். பழைய லொறி வில்லுத் தகட்டிலிருந்தும் கம்மாலையில் அருமையான கத்தி பிறப்பது இந்தக் கைப்பக்குவத்தால்தான்.

கண்டி அரசர் காலத்துப் 'பிஹா கெட்ட' கத்திகளை நூதனசாலைகளில் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். தந்தப் பிடி, வெள்ளியும் பித்தளையும் பதித்த வேலைப்பாடு. அவை பதவியின் அடையாளம். நம் கத்தியை யாரும் கண்ணாடிக்குள் வைப்பதில்லை. ஆனால் அதன் வடிவத்திலும் அறிவு இருக்கிறது. அது வேலை செய்த கைகளின் அறிவு.

கவ்வாத்துக் கத்தியைப் பாருங்கள். அலகு வளைந்தது, வாய் மிகக் கூர்மை. தேயிலைக் கிளையைச் சரிவாக, ஒரே வெட்டில், பிளக்காமல் வெட்ட வேண்டும். சரிவாக இருந்தால் மழைநீர் தேங்காது. பிளந்தால் அந்த வழியாகக் கிளை உளுத்துப்போகும். மழுங்கிய கத்தி தொழிலாளியின் தோளையும் கெடுக்கும், தேயிலைச் செடியையும் கெடுக்கும்.

1958, 1977, 1983 வன்செயல்களுக்குப் பிறகு மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்த நம் குடும்பங்களுக்கு அந்தக் கத்தி இங்கே உதவவில்லை. சூரையும் காரையும் முள்ளாக நின்ற காட்டை வெட்டக் காட்டுக்கத்தி தேவைப்பட்டது. நீண்ட பிடி, வளைந்த முனை. முள் உடம்பில் படாமல் தள்ளி நின்றே இழுத்து வெட்டலாம். கை புதிய கத்தியைப் பழகியது. இந்த மண்ணும் அப்படித்தான் விளைநிலமானது.

தோழர்களே, இதை ஏன் சொல்கிறோம்? பூண் கழன்ற கத்தியைக் கொடுத்து, கை வெட்டுப்பட்டதும் "கவனமில்லாதவன்" என்று சொல்லி, அரைப்பேர் போட்டு அனுப்புகிற வழக்கம் இன்னும் இருக்கிறது. அலகு பிடியை விட்டுப் பறப்பது கவனக்குறைவு அல்ல, கருவியின் குறை.

ஆகவே மூன்று விடயம். ஒன்று: வேலைக்கு ஏற்ற, பூண் இறுகிய கத்தியைத் தருவது வேலை தருபவரின் பொறுப்பு. இரண்டு: தீட்டுகிற நேரமும் வேலை நேரமே. மூன்று: காயம் சின்னதாக இருந்தாலும் அன்றே எழுத்தில் அறிவியுங்கள். நாள், நேரம், கத்தியின் நிலை எல்லாம் அதில் இருக்கட்டும். வேலையால் வரும் காயத்துக்கு நட்டஈடு கேட்க 1934ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. எழுத்தில் ஒன்றும் இல்லாவிட்டால் அந்த உரிமையை நிலைநாட்டுவது கஷ்டம்.

அடுத்த கிளைக் கூட்டத்துக்கு ஒவ்வொருவரும் உங்கள் கத்தியைக் கொண்டு வாருங்கள். பூண் தளர்ந்தது, பிடி வெடித்தது, அலகு தேய்ந்தது என்று பட்டியல் எடுப்போம். அந்தப் பட்டியலோடு சேர்ந்தே நிர்வாகத்திடம் போவோம்.