படிப்பகச் சுவர்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



நம் பாலகாட் படிப்பகத்தின் வெளிச்சுவரில் ஓவியம் தீட்ட மாணவர்கள் இசைவு கேட்டிருக்கிறார்கள். "அந்தப் பணத்திற்கு நோட்டுப் புத்தகம் வாங்கலாமே" என்றார் பெரியவர் ஒருவர். நியாயமான கேள்வி, ஆகவே நேராகவே விடை கூறுகிறேன்.

சென்னையில் கண்ணகி நகர் என்றொரு குடியிருப்பு உண்டு. நகரின் குடிசைப் பகுதிகளிலிருந்து அகற்றப்பட்ட ஏழை மக்களை 2000-ஆம் ஆண்டு முதல் குடியேற்றிய இடம் அது. அந்த முகவரியைச் சொன்னால் வேலை கிடைக்காது என்று அஞ்சி, இளைஞர் அதனை மறைத்ததும் உண்டு. 2020-இல் ஸ்டார்ட் இந்தியா என்னும் அறக்கட்டளை மாநகராட்சியுடன் கூடி அங்குள்ள நெடுஞ்சுவர்களில் ஓவியங்களைத் தீட்டுவித்தது. வண்ணம் குழாயில் தண்ணீர் கொண்டுவராது. வேலைக்கு உத்தரவும் தராது. அதை மறைப்பானேன்? ஆயினும், ஒதுங்கிச் சென்றவர்கள் அவ்வூரைக் காணவென்றே வந்தார்கள்.

பெங்களூரில் 2010-இல் தோன்றிய 'தி அக்லி இந்தியன்' தொண்டர்கள் தம் பெயரைக்கூட வெளியிடவில்லை. முதலில் துடைப்பம், பிறகுதான் தூரிகை. குப்பை மண்டிய தெருமுனைகளைப் பெருக்கிய பின்னரே சுவருக்கு வண்ணம் பூசினார்கள். இது எனக்கு மிகவும் பிடித்தது.

2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. அதன் பின் பிறந்தவர்கள் இம்மாணவர்கள். நம்மவர் சிலர் சுரங்க வாயிலின் சக்கரத்தை வரையச் சொல்கிறார்கள். பிள்ளைகளோ, விடியுமுன் மாரிக்குப்பம் வண்டியைப் பிடித்துப் பெங்களூருக்கு ஓடும் தம் தாய் தந்தையரை வரைய விரும்புகிறார்கள். சக்கரத்தின் கீழ் இறங்கியவரின் மகன் நான். என் வாக்கு பிள்ளைகளுக்கே.

ஒன்று மட்டும் சொல்வேன். இளமையில் பழைய சுண்ணாம்பைச் சுரண்டாமல் வண்ணம் பூசி, ஒரே மழையில் பொருக்குப் பொருக்காக உதிரக் கண்டவன் நான். ஆதலால் முதலில் சுரண்டுங்கள், ஈரம் காயவிடுங்கள், தாளில் கட்டமிட்டு வரைந்து, அக்கட்டங்களைச் சுவரில் பெரிதாக்குங்கள்.

நோட்டுப் புத்தகப் பணத்தில் ஒரு காசும் தொடவேண்டாம். வண்ணத்திற்குத் தனியே உண்டியல் வைத்திருக்கிறோம். ஞாயிறு காலை ஏழு மணிக்குச் சுரண்டும் வேலை தொடங்குகிறது. வீட்டில் பழைய கரண்டியோ தகடோ இருப்பின் கொண்டு வாருங்கள். கேள்வி கேட்ட பெரியவர் ஏணி தருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்.