பாரிசவாதமும் நான்கரை மணித்தியாலமும்

(வாசிகசாலைக் கூட்டமொன்றில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



விடியற்காலையிலே தோட்டத்தில் தண்ணீர் மாறிக்கொண்டிருக்கிறார் ஒருவர். கையிலிருந்த மண்வெட்டி நழுவி விழுகிறது. குனிந்தெடுக்க முயலுகிறார், கை ஏவல் கேட்கவில்லை. வாய் ஒரு புறமாகக் கோணுகிறது, பேச்சுக் குழறுகிறது. வீட்டார் ஓடிவந்து திண்ணையிற் கிடத்துகின்றனர். ஒருவர் கோப்பியை வாயில் ஊற்றுகிறார். மற்றொருவர் எண்ணெய் தேய்க்கிறார். "வாயுப் பிடிப்பு, சற்றுப் படுத்தெழும்பினாற் சரியாகிவிடும்" என்கிறார் அயலவர். கொழும்பிலிருந்து மகன் வந்தபின் முடிவு செய்வோம் என்கிறார் இன்னொருவர். பொழுது சாய்கிறது. மறுநாட் காலையில் வைத்தியசாலைக்குக் கொண்டு செல்கின்றனர்.

இக்காட்சியைக் காணாதவர் நம்மிற் குறைவு. இது படியாதவர் செய்யும் பிழை என்று உத்தியோகத்தர்கள் எண்ணிவிட வேண்டாம். கந்தோர் மேசையிலே தலையைச் சாய்த்து, களைப்பென்று சொல்லி, அரை நாளைப் போக்கிய படித்தவர்களும் உளர்.

பாரிசவாதம் மூளையில் உண்டாகும் நோய். கையிலோ காலிலோ அன்று. மூளைக்கு இரத்தங் கொண்டு செல்லும் நாடியொன்று வெடிப்பதும் உண்டு. உறைந்த இரத்தக்கட்டியால் அடைபடுவதும் உண்டு. பெரும்பாலானவை அடைப்பினால் வருவன. அவற்றைப் பற்றியே இன்று பேசுகின்றோம்.

வாய்க்காலை இடையில் மறித்தால் என்ன நடக்கும் என்பதை உங்களுக்கு நாம் சொல்லவேண்டியதில்லை. அடைப்புக்கு அண்மையிலுள்ள பாத்தி முதலிற் கருகும். அதற்கப்பாலுள்ள பாத்திகள் அயல் வாய்க்காலின் கசிவைக் கொண்டு சிறிது நேரம் வாடி நிற்கும். தண்ணீர் வந்தால் அவை நிமிரும். வராவிட்டால் அவையும் கருகும். மூளையிலும் இதுவே நிகழ்கிறது. மருத்துவம் காப்பாற்ற முயல்வது வாடி நிற்கும் பகுதியையே. பெரிய நாடியொன்று அடைபட்டால் நிமிஷமொன்றுக்கு ஏறக்குறைய 19 இலட்சம் நரம்பணுக்கள் அழிகின்றன என்று அமெரிக்க மருத்துவரான ஜெஃப்ரி சேவர் 2006 இற் கணக்கிட்டார்.

நெடுங்காலமாக இந்நோய்க்குச் செய்யத்தக்கது அதிகமில்லை என்றே மருத்துவரும் இருந்தனர். 1995 டிசம்பரில் அந்நிலை மாறியது. அல்ற்றிப்பிளேஸ் என்னும் கட்டி கரைக்கும் மருந்தை, நோய் தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் நாளத்தில் ஏற்றினால் நன்மையுண்டு என்று 624 நோயாளரைக் கொண்டு அமெரிக்காவில் நடந்த ஆராய்ச்சி காட்டிற்று. அதன் இரண்டாம் பகுதியில், மூன்று மாதத்தின் பின், ஊனமின்றியோ மிகச் சிறிய குறையுடனோ இருந்தவர்கள் மருந்து பெற்றோரில் 100 இற்கு 39 பேர். பெறாதோரில் 26 பேர். 1996 இல் அமெரிக்க அரசு அதற்கு அனுமதி வழங்கியது. 2008 இல் ஐரோப்பிய ஆராய்ச்சியொன்று எல்லையை நான்கரை மணித்தியாலமாக நீட்டியது.

நீட்டினார்களே என்று எவரும் ஆறுதலடைய வேண்டாம். ஒன்பது ஆராய்ச்சிகளின் 6,756 நோயாளரை ஒன்றாக்கிப் பார்த்த கணக்கு 2014 இல் வெளிவந்தது. மூன்று மணித்தியாலத்துக்குள் மருந்து பெற்றவர்களில், பெறாதோரைவிட 100 இற்கு 10 பேர் அதிகமாக நன்னிலை அடைந்தனர். மூன்றுக்கும் நான்கரைக்கும் இடையில் அது 5 ஆகக் குறைந்தது. அதற்குப் பின் 2. மருந்து ஒன்றே, அளவும் ஏறக்குறைய ஒன்றே. கடிகாரம் மட்டுமே வேறு.

இம்மருந்துக்குத் தீங்கும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1995 ஆராய்ச்சியில் மருந்து பெற்றோரில் 6.4 விழுக்காட்டினருக்கு மூளையில் இரத்தம் கசிந்து நிலை மோசமாயிற்று. பெறாதோரில் அது 0.6 விழுக்காடு. எனினும் மூன்று மாதத்திற் கணக்கிட்டபோது மருந்து பெற்றோரிடையே மரணம் அதிகமாகவில்லை. மாரடைப்புக்கு வழங்கும் ஸ்ரெப்ரோகைனேசைப் பாரிசவாதத்துக்கும் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகள் இரத்தக் கசிவின் காரணமாகத் தொண்ணூறுகளிற் கைவிடப்பட்டன. இதயத்துக்கு ஆனது மூளைக்கும் ஆகும் என்று சொல்ல முடியாது. புதிதாக வந்துள்ள ரெனெக்ரெப்பிளேஸ் ஒரே ஊசியில் ஏற்றத்தக்கது. 2025 இல் அமெரிக்க அரசு இந்நோய்க்கு அதனை அனுமதித்துள்ளது. மற்றையதை ஒரு மணித்தியாலம் நின்று ஏற்றவேண்டும். நோயாளியை வேறோர் ஊருக்கு அனுப்பவேண்டிய வைத்தியசாலைக்கு இது சிறிய வேறுபாடன்று.

பெரிய நாடியிலுள்ள பெரிய கட்டியை மருந்து பல வேளைகளிற் கரைப்பதில்லை. அதற்கு, தொடையிலுள்ள நாடிவழியாக மெல்லிய குழாயொன்றை மூளைவரை செலுத்திக் கட்டியையே பிடித்திழுக்கும் முறை வந்துள்ளது. ஒல்லாந்தில் 500 நோயாளரைக் கொண்டு நடந்த ஆராய்ச்சி 2015 தொடக்கத்தில் அச்சேறியது. அவ்வாண்டிலேயே மேலும் நான்கு வெளிவந்தன. ஐந்தையும் கூட்டிப் பார்த்தபோது, பிறர் துணையின்றி வாழும் நிலைக்கு மீண்டவர் இம்முறையில் 100 இற்கு 46; ஏனைய சிகிச்சையில் 26 அல்லது 27. மூளையில் வாடிய பகுதி இன்னும் கருகவில்லை என்று படத்திற் காட்டக்கூடிய சிலருக்கு 24 மணித்தியாலம் வரையும் இது பயன் தரும் என்று 2018 இல் வெளியான ஆராய்ச்சி காட்டிற்று. ஆயினும் அது தேர்ந்தெடுத்த சிலருக்கே. நாளைக்குப் போகலாம் என்பதற்கு அதனைச் சாட்டாகக் கொள்ளல் ஆகாது.

இங்கே ஒன்று சொல்லவேண்டும். நோயின் முடிவை மருத்துவர் 0 முதல் 6 வரை எண்ணிட்டு அளக்கின்றனர். குறையில்லாதவர் 0, இறந்தவர் 6. தன் கருமங்களைத் தானே செய்வார், ஆனால் முன்பு செய்த வேலை முழுவதையும் செய்யமாட்டார் என்பவருக்கு 2. அதனை நூல்கள் வெற்றியென்று எழுதுகின்றன. மேசையிலிருந்து எழுதுபவர் 2 ஆம் எண்ணோடு ஒருவாறு உத்தியோகம் பார்த்துவிடுவார். மண்வெட்டி பிடிப்பவர், பனை ஏறுபவர் நிலை வேறு. கமக்காரன் வீட்டில் அவ்வெண்ணின் பொருள் தோட்டத்தைக் குத்தகைக்குக் கொடுப்பது என்பதாகலாம்.

இனி, யந்திரமும் விலையுயர்ந்த மருந்தும் இல்லாத இடத்தில் ஒன்றுமே செய்யமுடியாது என்று எவரும் சொன்னால் நம்பாதீர்கள். அவுஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் மாநிலத்தில் 19 பாரிசவாதப் பிரிவுகளில் நடந்த ஆராய்ச்சியொன்று 2011 இல் வெளிவந்தது. தாதியர் மூன்று கருமங்களை ஒழுங்காகச் செய்தனர்: காய்ச்சலைக் கவனித்தல், இரத்தத்திற் சீனியைக் கவனித்தல், வாயால் எதுவுங் கொடுக்குமுன் விழுங்கமுடிகிறதா என்று சோதித்தல். மூன்று மாதத்தின் பின் இறந்தோ பிறரில் தங்கியோ இருந்தவர் அவ்விடங்களில் 42 விழுக்காடு. ஏனைய இடங்களில் 58. எந்தப் புதிய மருந்தும் அங்கு பயன்படுத்தப்படவில்லை. வேண்டியவை ஒரு வெப்பமானி, ஒரு சீனிச் சோதனை, ஒரு கோப்பை தண்ணீர், பயிற்சி பெற்ற தாதி. திண்ணையில் ஊற்றிய கோப்பியை நினைத்துப் பாருங்கள். அது நெஞ்சுக்குள் இறங்கிச் சளிக்காய்ச்சலாகி உயிரைக் கொண்டுபோன வீடுகள் உண்டு.

அஸ்பிரினும் அவ்வாறே. 1997 இல் வெளியான இரு பெரும் ஆராய்ச்சிகளில் ஏறக்குறைய 40,000 பேருக்கு அதன் நன்மை பார்க்கப்பட்டது. 1,000 பேரில் 9 பேர் வரை மரணத்திலோ மறு பாரிசவாதத்திலோ இருந்து தப்பினர். சிறிது, ஆயின் மலிவு. அதனை வீட்டிற் கொடுக்கவேண்டாம். வெடிப்பா அடைப்பா என்பதை சி.ரி. ஸ்கான் படம் எடுத்தே அறியமுடியும். முகத்தைப் பார்த்து எந்தப் பெரிய வைத்தியரும் சொல்லமாட்டார். பிரஷர் குளிசையை நாக்கின் கீழ் வைப்பதும் கூடாது. வாடி நிற்கும் பாத்திக்கு வரும் கசிவையும் அது நிறுத்திவிடும்.

செய்யவேண்டியது என்ன? சிரிக்கச் சொல்லுங்கள், இரு கைகளையும் உயர்த்தச் சொல்லுங்கள், ஒரு வாக்கியம் பேசச் சொல்லுங்கள். ஒன்று பிழைத்தாலும் 1990 இற்கு அழையுங்கள். இவ்விலவச அம்புலன்ஸ் சேவை 2016 இல் மேல், தென் மாகாணங்களில் தொடங்கி 2018 இல் வடமாகாணத்துக்கும் வந்தது. கடைசியாக அவர் நலமாயிருந்ததை யார், எத்தனை மணிக்குக் கண்டார் என்பதை ஒரு துண்டிற் குறியுங்கள். மருத்துவர் முதலிற் கேட்பது அதுவே. உட்கொள்ளும் மருந்துகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். இரத்தம் உறையாதிருக்கக் குளிசை எடுப்பவரானால் அதனை மறவாது கூறுங்கள்.

நம் வாக்கைக் கேட்டு வருவோரிடம் நாம் கேட்கவேண்டியவையும் உண்டு. நம் மாவட்டத்தில் எந்த வைத்தியசாலையில் இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் ஸ்கான் எடுக்கமுடியும்? கட்டி கரைக்கும் மருந்து எங்கே கையிருப்பில் உண்டு? பாரிசவாத நோயாளருக்கெனத் தனிப் பிரிவும், பயிற்சி பெற்ற தாதியரும் எத்தனை இடத்தில்? கட்டியை இழுத்தெடுக்கும் சிகிச்சைக்கு அனுப்பவேண்டியவரை எங்கே, எத்தனை மணித்தியாலத்தில் அனுப்புவார்கள்? கட்டடத் திறப்பு விழாக்களில் இக்கேள்விகள் கேட்கப்படுவதில்லை. எழுத்திற் கேட்டு, எழுத்தில் விடை பெறுதல் வேண்டும். இவ்வாசிகசாலையின் பெயரால் அக்கடிதத்தை எழுதித் தலைவர் அவர்களிடம் ஒப்படைத்திருக்கின்றோம். கூட்டம் கலையுமுன் கையொப்பமிடுங்கள்.

உங்கள் கேள்விகளை இனிக் கேட்கலாம். பின்வரிசையிலிருக்கும் தாய்மார்கள் முதலிற் கேட்கட்டும்.