தாத்தா இரட்டைமலை சீனிவாசனார்

(கல்விக் கழகத்தின் வெள்ளி விழாக் கூட்டத்தில் அரசினர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஒவ்வொரு குடும்பத்திற்கும் ஒரு மூத்தவர் உண்டு. அவர் பட்ட பாட்டில்தான் பின்வருவோர் நிழல் காண்கின்றனர். நம் சமுதாயத்தை ஒரு குடும்பமாகக் கொண்டால், அதன் மூத்தவர் இரட்டைமலை சீனிவாசனார் ஆவார். ராவ் சாகிப், ராவ் பகதூர், திவான் பகதூர் எனப் பட்டங்கள் பல அவரைத் தேடி வந்தன. ஆயினும் நம் மக்கள் அவருக்குச் சூட்டிய பட்டம் 'தாத்தா' என்பதே. அப்பெரியவரின் நெடிய வாழ்வைச் சுருக்கமாக நினைவுகூர விரும்புகின்றேன்.

நமது இராயபுரத்திலிருந்து தென்னாட்டின் முதல் பயணிகள் புகைவண்டி புறப்பட்ட ஆண்டு 1856. அதற்குச் சில ஆண்டுகள் கழித்து, மதுராந்தகத்தை அடுத்த கோழியாளம் என்னும் சிற்றூரில் தாத்தா பிறந்தார். இரண்டாம் உலகப் போர் ஓய்ந்த 1945ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 18ஆம் நாள் சென்னையில் மறைந்தார். எண்பத்தைந்து ஆண்டுகளை எட்டிய வாழ்வு அது. வடசென்னையின் ஓட்டேரி இடுகாட்டில் அவர் துயில்கின்றார்.

அவர் கோயம்புத்தூரில் கல்வி பயின்றார். நானூறு மாணவர் பயின்ற அப்பள்ளியில் பத்துப் பேர் தவிர ஏனையோர் பிராமணப் பிள்ளைகள் என அவரே எழுதியுள்ளார். தம் சாதியும் இருப்பிடமும் தெரிந்தால் இழிவாக நடத்துவர் என்றஞ்சி, மணி அடிக்கும் வரை வெளியே எங்கேனும் அமர்ந்து படிப்பாராம்; மணி அடித்த பின்னரே வகுப்பினுள் நுழைவாராம். மாலையில் எவரும் உடன் வாராதபடி விரைந்து வீடு திரும்புவாராம். விளையாட வேண்டிய வயதில் அப்பிள்ளை ஒளிந்து வாழ்ந்தது.

அந்தப் பிள்ளை வளர்ந்து என்ன செய்தது என்பதைத்தான் நாம் நினைவில் நிறுத்தவேண்டும். நீலகிரியில் ஐரோப்பியர் வணிக நிலையங்களில் கணக்கராகப் பணியாற்றியபின் சென்னைக்கு வந்த சீனிவாசனார், 1893ஆம் ஆண்டு அக்டோபரில் ஓர் இதழைத் தொடங்கினார். அதற்கு அவர் இட்ட பெயர் 'பறையன்'. பிறர் எந்தச் சொல்லை வசையாக வீசினரோ, எந்தச் சொல்லுக்கு அஞ்சி அவர் பள்ளி வாயிலில் ஒதுங்கி நின்றாரோ, அந்தச் சொல்லையே இதழின் நெற்றியில் பொறித்தார். நான்கு பக்கம், இரண்டணா விலை. முதற்படி அச்சாவதற்கும் விளம்பரத்திற்கும் ஆன செலவு பத்து ரூபாய். இரண்டே நாளில் ஏறத்தாழ நானூறு படிகளை இராயப்பேட்டையில் வாழ்ந்த நம் மக்கள் வாங்கினர்.

பெயர் பற்றி அந்நாளிலேயே நம் பெரியோரிடையே கருத்து வேற்றுமை இருந்தது. தாத்தாவின் தங்கையை மணந்த அயோத்திதாசப் பண்டிதர் அப்பெயரை ஏற்கவில்லை. பௌத்த நெறியில் நம் பழைய பெருமையைத் தேடினார். 1907ஆம் ஆண்டு 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கினார். மைத்துனர் இருவரும் இரு வழிகளில் சென்றனர். இருவழியும் தலைநிமிர்ந்து நடக்கும் வழியே என்பதை இளைஞர்கள் அறிதல் வேண்டும்.

இதழ் தொடங்கிய அதே ஆண்டில் மற்றொரு பெரும்பணி நிகழ்ந்தது. ஐ.சி.எஸ். தேர்வை இங்கிலாந்தில் மட்டுமன்றி இந்தியாவிலும் நடத்தவேண்டும் என்ற கோரிக்கை அப்போது எழுந்தது. அவ்வாறு நடத்தினால் கல்வியைத் தம் கையில் வைத்திருந்த மேற்சாதியாரே அதிகாரம் முழுவதையும் அடைவர் என்று தாத்தா கருதினார். அதனை எதிர்த்து 3,412 பேர் கையொப்பமிட்ட, 112 அடி நீளமுள்ள விண்ணப்பம் இங்கிலாந்துப் பாராளுமன்றத்திற்கு அனுப்பப்பட்டது. இருபதடி நீளமுள்ள வகுப்பறைகள் ஐந்தை வரிசையாக நிறுத்தினாலும் அந்த நீளம் வாராது. ஊருக்கு வெளியே வைக்கப்பட்டிருந்த மக்கள் தம் பெயர்களை உலகறிய எழுதிய ஏடு அது.

1900ஆம் ஆண்டோடு இதழ் நின்றது. இலண்டன் சென்று நேரில் முறையிடும் நோக்கத்தோடு கப்பலேறியவர் ஆப்பிரிக்காவில் தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராகப் பல்லாண்டுகள் பணியாற்றினார். தாயகம் திரும்பியபோது அறுபது வயதைக் கடந்திருந்தார். ஓய்வு கொள்ளவேண்டிய அகவையில்தான் அவருடைய அரும்பணிகள் தொடங்கின. சென்னைச் சட்டசபையில் 1923ஆம் ஆண்டு உறுப்பினரானார். பொதுச் சாலை, பொதுக் கிணறு, குளம், பொது அலுவலகம் ஆகியவற்றை எவரும் தடையின்றிப் பயன்படுத்தலாம் என்னும் தீர்மானத்தை 1924ஆம் ஆண்டு கொணர்ந்து நிறைவேற்றினார்.

1930ஆம் ஆண்டு இலண்டன் வட்டமேசை மாநாட்டில் அண்ணல் அம்பேத்கருடன் அமர்ந்தார். அண்ணலுக்கு அப்போது வயது 39; தாத்தாவுக்கோ எழுபது. தீண்டாமை என்பது யாது என்று ஐந்தாம் ஜார்ஜ் மன்னர் வினவியபோது, எங்களவர் தெருவில் விழுந்து கிடந்தாலும் மேற்சாதியார் கைகொடுத்துத் தூக்கமாட்டார்கள் என்று விளக்கியதாகத் தாத்தா எழுதியுள்ளார். பள்ளியில் தன் இருப்பிடத்தைச் சொல்ல அஞ்சிய பிள்ளை, பேரரசரின் முன் நின்று அச்சமின்றிப் பேசிற்று!

இவற்றையெல்லாம் நாம் எவ்வாறு அறிகின்றோம்? எண்பதை நெருங்கிய வயதில் அவர் 'ஜீவிய சரித்திரச் சுருக்கம்' என்னும் சிறு நூலை எழுதி 1939ஆம் ஆண்டு வெளியிட்டார். நம் வரலாற்றைப் பிறர் எழுதித் தருவர் என்று அவர் காத்திருக்கவில்லை. அச்சிறு நூல் இல்லையெனில் மேலே சொன்னவற்றில் பல காற்றோடு போயிருக்கும்.

தலைமையாசிரியன் என்ற முறையில் ஆண்டுதோறும் சேர்க்கைப் படிவங்களைப் பார்க்கின்றேன். தந்தையின் தொழில் என்ற இடத்தில் சிலர் 'தனியார் பணி' என்று எழுதி நிறுத்திவிடுகின்றனர். அந்தத் தந்தை துறைமுகத்தில் மூட்டை சுமந்தவராக இருப்பார். எண்ணூரிலோ திருவொற்றியூரிலோ உலைச்சூட்டில் வெந்தவராக இருப்பார். படித்து வேலைக்குச் சென்ற சில இளைஞர்கள் தாம் வளர்ந்த குடியிருப்பின் பெயரைச் சொல்லத் தயங்குகின்றனர். அவர்களை யான் குறை கூறேன். பெயரைச் சொன்னால் வீடு வாடகைக்குக் கிடைக்காத ஊர்கள் இன்றும் உள்ளன. அச்சம் காரணமின்றி எழுவதன்று. ஆனால் ஒளித்து வைத்த தந்தை, பேரப்பிள்ளையின் நினைவிலிருந்து முற்றிலும் மறைந்துவிடுவார். அந்த இழப்பை எந்தப் பட்டத்தாலும் ஈடுசெய்ய இயலாது.

ஆகவே இவ்வெள்ளி விழாவில் கழகத்தாரிடம் ஒரு வேண்டுகோள் வைக்கின்றேன். நம் மாலை வகுப்பில் பயிலும் ஒவ்வொரு மாணவரும் தம் பாட்டனார், பாட்டியார் வாழ்க்கையை இரண்டு பக்கத்தில் எழுதித் தரட்டும். எந்த ஊரிலிருந்து வந்தனர், என்ன வேலை செய்தனர், கூலி எவ்வளவு, யாரைப் படிக்க வைத்தனர் என்பன அதில் இடம்பெறட்டும். அவற்றைக் கட்டி நம் நூலகத்தில் தாத்தாவின் நூலுக்குப் பக்கத்தில் வைப்போம். கேட்டு எழுத வேண்டிய முதியோர் பலர் இந்த மன்றத்திலேயே அமர்ந்திருக்கின்றனர். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.