பெத்தவளை ஏமாத்தலாம்...



தலைப்பு என்ன? கல்லீரல் மாற்று சிகிச்சைக்கு வருகிறவருக்குக் குடிப்பழக்கச் சோதனை வைப்பது அவமானமா, அரவணைப்பா? அரவணைப்பே என்று அடித்துச் சொல்ல வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால பேசின அம்மா உருக்கமா ஒரு கேள்வி கேட்டாங்க. "சாகக் கிடக்கிறவன்கிட்ட போய் குடிச்சியா குடிச்சியான்னு கேக்கறீங்களே, சர்க்கரை நோயாளிகிட்ட இப்படிக் கேப்பீங்களா?"ன்னாங்க. கேக்கறோமே அம்மா! இதே மயிலாப்பூர்ல, வருஷம் பூரா நெய் ரோஸ்ட்டை விடாத மாமா, ரத்தப் பரிசோதனைக்கு முந்தின ரெண்டு நாள் மட்டும் ஏகாதசி இருப்பார். (சிரிப்பு) டாக்டர் விடுவாரா? ஹெச்பிஏ1சின்னு ஒண்ணு எழுதித் தர்றார். அது 3 மாசத்துச் சர்க்கரைக் கணக்கையும் எடுத்து நீட்டிடுது. மாமா மானநஷ்ட வழக்கா போட்டார்? மாத்திரையை மாத்தி வாங்கிட்டு வந்தார்!

குடிக்கும் அதே கதைதான். முதல்ல வாயால கேட்டுப் பார்க்கிறாங்க. அதுக்குன்னே உலக சுகாதார நிறுவனம் 10 கேள்வி வச்சிருக்கு. டாக்டர் கேட்டார்: "குடிப்பீங்களா?" புருஷன் சொன்னார்: "எப்பவாவது." பக்கத்துல பொண்டாட்டி சொன்னா: "ஆமா டாக்டர், எப்பவாவதுதான் நிறுத்துவார்!" (பலத்த சிரிப்பு)

அதனாலதான் சோதனை. ஊதிப் பார்த்தா சில மணி நேரத்துக்கு முன்னால குடிச்சது தெரியும். சிறுநீர்ல பார்த்தா ரெண்டு மூணு நாள் தெரியும். அதுக்கும் மேல ரத்தத்துல ஒரு சோதனை இருக்கு. பாஸ்பாடிடைல் எத்தனால்னு பேரு, சுருக்கமா 'பெத்'. சாராயம் உடம்புக்குள்ள போனாத்தான் இது சிவப்பணுவில உண்டாகும். ரெண்டிலிருந்து நாலு வாரம் வரைக்கும் காட்டிக் கொடுக்கும். பெத்தவளை ஏமாத்தலாம், இந்தப் 'பெத்'தை ஏமாத்த முடியாது! (கைதட்டல்)

ஏன் இவ்வளவு கண்டிப்புன்னு கேக்கலாம். தி.நகர் ரங்கநாதன் தெருவுல புடவை வாங்கப் போனா பத்துக் கடை ஏறி இறங்கலாம். கல்லீரல் அப்படிக் கடையில தொங்குதா? 2008 செப்டம்பரில் திருக்கழுக்குன்றத்து டாக்டர் தம்பதியர், மூளைச்சாவு அடைந்த தங்கள் மகன் ஹிதேந்திரனின் உறுப்புகளைத் தானம் கொடுத்தார்கள். தமிழ்நாடே கலங்கி நின்றது. அப்படி ஒரு தாய் வயிறெரிந்து கொடுப்பதை வாங்கி வைக்கும்போது, அது தங்குமா என்று பார்ப்பது பாவமா?

இன்னொரு வழி, உயிரோட இருக்கிறவங்க தன் கல்லீரல்ல ஒரு பகுதியை வெட்டிக் கொடுக்கறது. 1998 நவம்பரில் டில்லியில் காஞ்சிபுரத்து அப்பா ஒருவர் தன் கைக்குழந்தைக்குக் கொடுத்தார். இந்தியாவில் அந்த முறையில் வெற்றி கண்ட முதல் சிகிச்சை அதுதான். இன்னிக்கு எத்தனையோ வீட்டுல புருஷனுக்காக மனைவி படுக்கிறா. பாதிக்கு மேல வெட்டிக் கொடுக்கிறாளே, அந்த மகராசி வயிற்றுக்குப் பாதுகாப்பு வேண்டாமா? "உங்க வீட்டுக்காரர் நிறுத்திட்டாரா?" என்று அவளுக்காகக் கேட்க டாக்டரை விட்டால் யார் இருக்கா?

எதிரணி இன்னொண்ணு சொன்னாங்க: "6 மாசம் குடிக்காம இருந்துட்டு வான்னு விரட்டறாங்க, அதுக்குள்ள ஆளே போயிடறான்." நியாயமான பேச்சு. அந்த விதிக்கும் ஒரு காரணம் உண்டு. குடியை நிறுத்தினதுமே சிலருக்குக் கல்லீரல் தானே தேறி, ஆபரேஷனே வேண்டாம்னு ஆகிடும். ஆனா, குடியால கல்லீரல் கடுமையா வீங்கி, மருந்துக்கும் அடங்காதவங்களுக்கு 6 மாசம் ரொம்ப தூரம். 2011ல் பிரான்ஸ், பெல்ஜியம் டாக்டர்கள் ஒரு ஆய்வு வெளியிட்டாங்க. அப்படிப்பட்ட 26 பேருக்குக் காத்திருக்காம மாற்றுக் கல்லீரல் வச்சாங்க. 6 மாசத்துல 100க்கு 77 பேர் பிழைச்சிருந்தாங்க; மாற்று கிடைக்காதவங்கள்ல 100க்கு 23தான். மறுபடி குடிக்கப் போனது 26ல் 3 பேர். கண்ணை மூடிக்கிட்டா எடுத்தாங்க? குடும்பத் துணை இருக்கா, மனசு திடமா இருக்கா என்று சல்லடை போட்டு, குழுவில் அத்தனை பேரும் சம்மதித்த பிறகே எடுத்தாங்க. ஆக, காலண்டர் பூட்டின கதவைத் திறந்துவிட்டதே பரிசோதனைதான்! (கைதட்டல்)

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். சோதனையைக் காட்டித் துரத்தினால் அது அவமானமேதான். ஒரு தடவை தப்பாக் காட்டினா மறுபடி பார்க்கணும். அரிஷ்டம் சாப்பிட்டவரும் மாட்டுவார். அதிலும் ஊறிய சாராயம் உண்டு. நிஜமாவே குடிச்சிருந்தா, கையைப் பிடிச்சு சிகிச்சைக்குக் கூட்டிப் போகணும். 2002ல் லண்டனில் கால்பந்து வீரர் ஜார்ஜ் பெஸ்ட்டுக்குப் புதுக் கல்லீரல் வைத்தார்கள். மறுபடி குடித்தார். 2005 நவம்பரில் போய்விட்டார். கல்லீரலை மாத்தலாம், பழக்கத்தை யார் மாத்தறது?

அதற்கு விடை இதோ அடையாற்றில் இருக்கிறது. குடிக்குக் கணவரைப் பறிகொடுத்த சாந்தி ரங்கநாதன், மூலையில் உட்கார்ந்து அழாமல் 1980ல் ஒரு சிகிச்சை நிலையம் தொடங்கினார். இந்திரா நகர் டி.டி.கே. மருத்துவமனை என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். குடி பாவமல்ல, நோய் என்று சொல்லி, குடும்பத்துக்கும் சேர்த்தே சிகிச்சை. சோதனைச் சீட்டு அந்த வாசலுக்கு வழிகாட்டணும். அதைத்தான் எங்கள் அணி கேட்கிறது.

மணி அடிக்காதீங்க நடுவர் அவர்களே, முடிக்கிறேன். திருக்குறளில் 93ஆம் அதிகாரம் கள்ளுண்ணாமை. 95ஆம் அதிகாரம் மருந்து. நடுவில் 94 என்ன? சூது! கள்ளிலிருந்து மருந்துக்குப் போகும் வழியில் சோதனை இல்லாவிட்டால், நாம் ஆடுவது சூதாட்டம். பகடையாக உருளுவது, இறந்தும் கொடுத்த பிள்ளையின் தானமும், படுத்துக் கொடுத்த மனைவியின் உயிரும்! ஆகவே அது அரவணைப்பே, அரவணைப்பே என்று கூறி விடைபெறுகிறேன். (பலத்த கைதட்டல்)