போனவன் கதையும் இருந்தவள் கதையும்

(சங்கத்தின் நூற்றாண்டு நிகழ்வுகளில் ஒன்றாகக் கொடகவெலயில் நடைபெற்ற ஒன்றுகூடலில், பழைய மாணவியர் வாசகர் வட்டத்தின் சார்பில் வாசிக்கப்பட்ட உரை)



மாயக்கதைகளில் வரும் வீரனின் பயணம் பற்றிப் பேசுங்கள் என்று எங்களைக் கேட்டவர்கள் இப்போது படிக்கும் பிள்ளைகள். ஹரி பொட்டரையும் டோல்கினையும் அவர்கள் விழுந்து விழுந்து வாசிக்கிறார்கள். வாசிக்கட்டும், நல்லது. ஆனால் அந்தக் கதைகளின் சட்டகத்தை நம் தோட்டத்துக் கதைகளோடு வைத்துப் பார்த்தால் என்ன ஆகும் என்று எங்கள் வட்டத்தில் ஒரு கேள்வி எழுந்தது. இந்த உரை அதிலிருந்து வந்தது.

முதலில் சட்டகம். 1949இல் அமெரிக்கரான ஜோசப் கம்பெல், வீரனுக்கு ஆயிரம் முகங்கள் உண்டு, பாதை ஒன்றுதான் என்று ஒரு நூல் எழுதினார். சும்மா இருந்த ஒருவனுக்கு அழைப்பு வருகிறது. முதலில் தயங்குகிறான். ஒரு குரு கிடைக்கிறார். எல்லை தாண்டிப் போகிறான், சோதனைப்படுகிறான், சாவின் வாய்வரை போய் ஒரு வரத்தோடு ஊர் திரும்புகிறான். இந்தப் பாதையில் திரும்பத் திரும்ப எதிர்ப்படும் தூதன், குரு, வாசல்காப்பவன், நிழல்போல் தொடரும் எதிரி ஆகியோரைத் தொல்படிமங்கள் என்பார்கள். அது யுங் என்ற சுவிஸ் உளவியலாளரின் கருத்து. 1977இல் வந்த ஸ்டார் வோர்ஸ் படத்தை எடுத்த ஜோர்ஜ் லூகஸ், கம்பெலுக்குத் தாம் பட்ட கடனை வெளிப்படையாகவே சொன்னார். அதன்பின் ஹொலிவூட்டில் இது சமையற் குறிப்புப் போல ஆகிவிட்டது.

இந்தச் சட்டகத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும் கதை நம்மிடமே இருக்கிறது. அருச்சுனன் தபசு. பாசுபதம் வேண்டும் என்பது அழைப்பு. வனவாசத்தில் இருக்கும் குடும்பத்தை விட்டுத் தனியே புறப்படுகிறான். வழியில் தடைகள். பன்றி வடிவில் அசுரன் வருகிறான், வேடன் வடிவில் சிவனே வந்து மல்லுக்கு நிற்கிறார். தோற்று, பணிந்து, வரம் பெறுகிறான். கூத்தில் அருச்சுனன் உயரமான தபசு மரத்தில் பாடிக்கொண்டே படிப்படியாக ஏறுவதைப் பார்த்தவர்களுக்கு 'எல்லை தாண்டுதல்' என்றால் என்ன என்று விளக்கம் தேவையில்லை. மரத்தின் உச்சி வேறு உலகம். தமிழ்நாட்டில் திரௌபதை அம்மன் திருவிழாக்களில் அந்த உச்சியிலிருந்து எறியும் பழத்தைப் பிள்ளை வரம் வேண்டும் பெண்கள் மடியேந்தி வாங்குவார்கள். வரம் ஊருக்கு வந்து சேர்ந்துவிடுகிறது. கம்பெல் பார்த்திருந்தால் மகிழ்ந்திருப்பார்.

காமன் கூத்துக்கு வரும்போதுதான் சட்டகம் இடறுகிறது.

மாசி மாதத்தில் மூன்றாம் பிறையையொட்டிக் காமன் பொட்டலில் கம்பம் ஊன்றுவதும், நிறைநிலாவை ஒட்டிய இரவில் எரிப்பதும், மூன்றாம் நாள் எழுப்புவதும் உங்களில் பலருக்குத் தெரிந்தவை. வெளிநாட்டில் பிறந்த உங்கள் பிள்ளைகளுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறோம். சிவன் தவத்தில் ஆழ்ந்துவிட்டார். அவரை எழுப்பாவிட்டால் தேவர்களுக்குக் கதியில்லை. தூதன் ஓலை கொண்டு வருகிறான். மன்மதன் கரும்பு வில்லோடு புறப்படுகிறான்.

இங்கே தயங்குவது யார்? மன்மதன் இல்லை. ரதிதான் வழிமறிக்கிறாள். போகாதே, போனால் திரும்ப மாட்டாய் என்று கெஞ்சுகிறாள், வாதாடுகிறாள், சிவனின் கோபத்தை எடுத்துச் சொல்கிறாள். விடியவிடிய நடக்கும் கூத்தில் தப்பு ஓசை அடங்கி, சனம் மூச்சுவிடாமல் கேட்பது இந்தத் தர்க்கத்தைத்தான். அவன் போகிறான். அம்பு விடுகிறான். நெற்றிக்கண் திறக்கிறது. வீரன் சாம்பல்.

கம்பெலின் கணக்குப்படி கதை இங்கே முடிந்திருக்க வேண்டும், அல்லது மன்மதன் தானாகவே எழுந்திருக்க வேண்டும். ஆனால் மீதிக் கதையை நடத்துவது ரதி. எரித்தவரிடமே போகிறாள். ஆயுதம் இல்லை, குரு இல்லை, கூட வர ஆள் இல்லை. அழுகை ஒன்றுதான் கையிருப்பு. அழுதே கேட்டு வாங்குகிறாள். அவள் பெறும் வரமும் விசித்திரமானது: மன்மதன் உயிர்பெறுவான், அவள் கண்ணுக்கு மட்டும் தெரிவான். ஊருக்கு அவன் இல்லை. எங்களுக்குத் தெரிந்த எந்த மாயக்கதையிலும் இதைவிட நுட்பமான முடிவு கிடையாது. தஞ்சைப் பக்கத்து லாவணியில் 'எரிந்த கட்சி', 'எரியாத கட்சி' என்று பிரிந்து நின்று, காமன் எரிந்தானா இல்லையா என்று இரவெல்லாம் எதிர்ப்பாட்டுப் பாடும் வழக்கம் உண்டு. ரதியைக் கேட்டால் இரண்டு கட்சியும் சரி என்பாள்.

மோரீன் மேர்டொக் என்ற அமெரிக்கப் பெண் உளவளத்துணையாளர், 1981இல் கம்பெலிடம் பெண்ணின் பயணம் பற்றி நேரிலேயே கேட்டார். பெண் பயணம் போகத் தேவையில்லை, எல்லோரும் போய்ச்சேர விரும்பும் இடமே அவள்தான் என்ற கருத்தில் அவர் பதில் சொன்னாராம். மேர்டொக்குக்கு அது போதவில்லை. 1990இல் நாயகியின் பயணம் பற்றித் தானே ஒரு நூல் எழுதினார். அந்தப் பதில் எங்களுக்கும் போதவில்லை. போய்ச்சேரும் இடமாக இருப்பவள் விடியற்காலையில் பெரட்டுக்கு யாரை அனுப்புவாள்?

பொன்னர் சங்கர் கதையிலும் இதே செய்திதான். அண்ணன்மார் இருவரும் பெரிய வீரர்கள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் பிறப்பதற்காக ஆண்டுக்கணக்கில் கடுந்தவம் கிடந்து சிவனிடம் வரம் வாங்கியவள் தாய் தாமரை. அவர்கள் மடிந்தபின் படுகளத்துக்குத் தேடிப்போய், சற்று நேரமாவது எழுப்பிப் பேசியவள் தங்கை தங்காள். வரத்துக்காகப் போன பயணங்கள் பெண்களுடையவை. நடுவில் நடந்த சண்டைக்குத்தான் பேர்.

ஏ. கே. இராமானுஜன் கன்னட நாட்டில் பெண்கள் சொல்லும் கதைகளைச் சேகரித்தபோது ஒன்றைக் கவனித்தார். ஆணை நடுவில் வைத்த கதை கல்யாணத்தோடு முடிகிறது. பெண்ணை நடுவில் வைத்த கதையில் கல்யாணம் ஆனபிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. பேச்சிழந்தவளாக, யாராலும் அறியப்படாதவளாக அலைந்து, கடைசியில் தன் கதையைத் தானே சொல்லி மீள்கிறாள். ரதியை நினைத்துப் பாருங்கள்.

பிள்ளைகள் விரும்பும் ஆங்கில மாயக்கதையிலும் இதை உணர்ந்த ஒருவர் இருந்தார். உர்சுலா லெ குவின் 1968இல் ஏர்த்சீ என்ற தீவுலகத்தை வைத்து நாவல் எழுதியபோது நாயகன் ஒரு மந்திரவாதப் பையன். 1971இல் டெனார் என்ற சிறுமியின் கதை வந்தது. 1990இல் எழுதிய 'தெஹானு'வில் அதே டெனார் நடுவயதுக் கைம்பெண், தோட்டந்துரவு பார்ப்பவள், தீயில் கருகிய ஒரு குழந்தையை வளர்க்கிறாள். மந்திரவாதி சக்தியெல்லாம் இழந்து அவள் வாசலுக்கு வந்து சேர்கிறான். முந்திய நூல்களை வாசித்தவர்களில் சிலருக்கு இது பிடிக்கவில்லை. எங்கள் வட்டத்தில் அதிகம் பேசப்பட்டது இந்த நூல்தான். அவர் 1986இல் எழுதிய கட்டுரை ஒன்றில், மனிதரின் முதற்கருவி ஈட்டியாக இருக்க வேண்டியதில்லை, பொறுக்கியதைப் போட்டு வீட்டுக்குக் கொண்டுவரும் பையாகவோ கூடையாகவோ இருக்கலாம், கதையும் அப்படி ஒரு பைதான் என்று வாதிட்டார். தலையில் கயிறுமாட்டி முதுகில் கொழுந்துக்கூடை சுமந்தவர்களின் பேத்திகளுக்கு இதைப் புரியவைக்க வேண்டுமா?

இனி நம் சொந்தக் கதை. அழைப்பு கொண்டுவந்த தூதன் கங்காணி. அவன் சொன்ன தேங்காய், மாசி, தங்கக் கதைகள் எல்லோருக்கும் தெரியும். வாசல்காப்பவனாக மண்டபம் முகாம். கடல்தான் எல்லை. அதற்கப்பால் காடும் அட்டையும் காய்ச்சலும். வழக்கமான மாயக்கதையில் இதன்பின் திரும்புதல் வரும். நமக்கும் வந்தது. 1964 ஒக்டோபரில் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைப் பங்குபோட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேர் பிறகு பார்க்கலாம் என்று. தாயகம் திரும்புதல் என்று பேர் வைத்தார்கள். பிறந்ததும் வளர்ந்ததும் இங்கே, திரும்புவது எங்கே? கூட இருந்தவர்களை ஏற்றிச்சென்ற புகைவண்டிக்கு நம்மவர்கள் ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள். பாட்டன் பாட்டி வந்த அதே மண்டபம் முகாமில் பேரப்பிள்ளைகள் போய் இறங்கினார்கள்.

டோல்கினின் பில்போ தன் பயணம் முடிந்து வீடு வரும்போது, அவன் செத்துப்போனதாக நினைத்து வீட்டுச் சாமான்களை ஏலம் போட்டுக்கொண்டிருப்பார்கள். சிறுவர் கதையில் அது சிரிப்பு. கோத்தகிரியிலும் கூடலூரிலும் இருந்து இந்த மலரை வாசிக்கப்போகும் நம் அக்காமாருக்கு அது சிரிப்பாக இருக்காது. 1977, 1981, 1983 கலவரங்களில் சப்ரகமுவவை விட்டு வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனவர்களுக்கும்தான்.

போனவர்களைப் பற்றியாவது பாட்டும் கதையும் இருக்கின்றன. இருந்தவர்களைப் பற்றி? போனவரின் பேரை மறக்காமல் வைத்திருந்தவள், கடிதம் வாசிக்கத் தெரியாமல் நம் பாடசாலைப் பிள்ளையிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னவள், றப்பர் மரத்தில் பால் வெட்டிய காசில் மகளுக்குச் சீருடை தைத்தவள். இன்று அந்த மகள்மார் வீட்டுவேலைக்கு மத்திய கிழக்குக்குப் போகிறார்கள், ஆடைத் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். அவர்கள் வரம் பெற்றுத் திரும்பினார்களா, என்ன விலை கொடுத்தார்கள் என்று யாரும் கூத்துக் கட்டவில்லை.

ஒரு விடயத்தை வெளிப்படையாகவே பேச விரும்புகிறோம். காமன் பொட்டலில் ரதி வேடம் கட்டுபவர் காலங்காலமாக ஆண். காப்புக் கட்டி விரதம் இருந்து ஆடும் ஆட்டம் அது. அதை மாற்றுவதா என்பது அந்தந்தத் தோட்டத்து மக்களின் காரியம், அதில் நாங்கள் தலையிடவில்லை. ஆனால் பாடசாலை மேடையில் அந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. அங்கும் பெண்பிள்ளைகளுக்குக் கோலாட்டமும் கும்மியும்தான் என்று ஏன் ஒதுக்கிவைக்க வேண்டும்? ரதியும் சிவனும் தர்க்கம் பண்ணும் அந்தப் பகுதியை நம் பிள்ளைகளே ஆடட்டும். சிவனாகவும் அவர்களே ஆடட்டும். விரதத்துக்கு இழுக்கு வராத விதத்தில் எப்படிச் செய்யலாம் என்று மூத்த கூத்து வாத்தியார்களிடம் கேட்டே செய்யலாம்.

அதற்குப் பாட்டு வேண்டும். இடத்துக்கிடம் ரதியின் புலம்பல் வேறுபடுகிறது, பாடிய தலைமுறை போய்க்கொண்டிருக்கிறது. ஆகையால் கொழும்பில், நீலகிரியில், கனடாவில், எங்கே இருந்தாலும், உங்கள் அம்மாவோ அம்மாயியோ பாடியது நினைவிருந்தால், இரண்டு வரியானாலும் தொலைபேசியில் பாடிப் பதிந்து சங்கத்துக்கு அனுப்புங்கள். எந்தத் தோட்டம், யார் பாடியது, எந்த ஆண்டளவில் என்று தெரிந்தவரை சொல்லுங்கள். குரல் நன்றாக இல்லை என்று கூச்சப்பட வேண்டாம். பாடசாலை நூலகத்தில் அதற்கென்று ஓர் அலுமாரித் தட்டு ஒதுக்கித் தருவதாக அதிபர் அவர்கள் சொல்லியிருக்கிறார்கள். அடுத்த மாசிக்குள் வந்து சேர்ந்தால் நல்லது.