தலையெழுத்துக்கு ஒரு ரப்பர்

நடுவர் அவர்களே! 'விதியா? முயற்சியா?' என்ற தலைப்பிலே என்னை முயற்சி அணியில் உட்கார வைத்திருக்கிறீர்கள். எதிரணியில் பேசிய அம்மா, "தலையெழுத்தை அழிக்க எந்தக் கடையிலய்யா ரப்பர் விக்குது?"ன்னு கேட்டாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். (சிரிப்பு)

கடை இருக்கும்மா! லண்டன்ல, கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் குழந்தைகள் மருத்துவமனை. வசீம் காசிம் என்று ஒரு மருத்துவப் பேராசிரியர். 2015-லேயே அவருடைய குழு, வேறொருவர் கொடுத்த வெள்ளை அணுக்களில் மரபணுவைத் திருத்தி, ரத்தப் புற்றுநோய் வந்த ஒரு வயசுக் குழந்தைக்கு ஏற்றியது. ஆனால் அன்றைக்குக் கையில் இருந்தது கத்தரிக்கோல். மரபணு இழையை வெட்டித்தான் திருத்தணும்.

ரப்பர் வந்தது 2022-ல். 13 வயசுப் பொண்ணு. கீமோதெரபி ஆச்சு, எலும்பு மஜ்ஜை மாற்றியாச்சு. நோய் திரும்பி வந்துடுச்சு. அவளுக்கு வந்தது 'டி' அணுக்களில் வருகிற புற்றுநோய். காவல்காரனே திருடனான கதை. பிடிக்கப் போகிற அணுவும் அதே இனம். போலீசுக்கும் திருடனுக்கும் ஒரே சட்டை! ஒருத்தரை ஒருத்தர் சுட்டுக்கொண்டால்?

முதலில் அந்தச் சட்டையைக் கழற்றினார்கள். பிறகு, நோயாளியின் உடம்பையே தாக்குகிற குணத்தை எடுத்தார்கள். கூடக் கொடுக்கிற மருந்துக்கு அந்த அணுக்கள் பலியாகாதபடி இன்னொரு திருத்தம். இழையை வெட்டவில்லை, எழுத்தைத்தான் மாற்றினார்கள். 'அறம்' 'அரம்' ஆவதற்கு ஒரே எழுத்து போதாதா? என் மாணவர்கள் விடைத்தாளில் தினமும் செய்கிறார்கள்! (சிரிப்பு, கைதட்டல்)

கடைசியாக, திருடனை அடையாளம் காண ஒரு கண்ணைப் பொருத்தி அனுப்பினார்கள். 28 நாளில் பரிசோதனையில் நோய் தென்படவில்லை. அப்புறம் இரண்டாம் முறை மஜ்ஜை மாற்று சிகிச்சை.

முழுக்க வெற்றின்னு நான் பொய் சொல்ல மாட்டேன். முதல் மூன்று பிள்ளைகளில் ஒன்று பூஞ்சைத் தொற்றில் போய்விட்டது. அதையும் மறைக்காமல் 2023-ல் எழுதி வெளியிட்டார்கள். "அது விதிதானே"ன்னு அம்மா தலையாட்டுறாங்க. சரிம்மா, அந்த ஒரு மார்க் உங்களுக்கு.

ஆனா அந்தப் பொண்ணு எப்படிச் சம்மதிச்சா தெரியுமா? உலகத்திலேயே முதல் ஆள். முன்மாதிரி கிடையாது. எனக்குச் செய்து பார்த்தால், அடுத்து வர்றவங்களுக்கு என்ன செய்யணும்னு தெரியும்ல, அதனால செய்யுங்க என்கிற மாதிரி சொல்லியிருக்கா. 13 வயசு, நடுவர் அவர்களே! அந்த வயசுல ஊசின்னா கட்டிலுக்கு அடியில ஒளிஞ்சவன் நான்.

மணி அடிச்சுட்டீங்க... உட்கார்ந்துடறேன்.