கோகினூர் பங்களா



கொடைக்கானலில் கோகினூர் என்று ஒரு பழைய பங்களா இருக்கிறது. ஏரியும் தூண்பாறையும் பார்த்துவிட்டு மலையிறங்கும் பயணிகளில் அதன் கதை தெரிந்தவர்கள் குறைவு. காஷ்மீர் சிங்கம் என்று அழைக்கப்பட்ட ஷேக் அப்துல்லா 1960களின் நடுவில் காவலில் வைக்கப்பட்டிருந்த வீடு அது. ஸ்ரீநகரில் பிறந்து அரசாண்ட மனிதரை நாட்டின் மறுகோடிக்கு, அன்றைய மதுரை மாவட்டத்து மலையொன்றுக்குக் கொண்டுவர வேண்டிய தேவை என்ன?

1947 அக்டோபரில் மன்னர் ஹரி சிங் இந்தியாவுடன் சேரக் கையெழுத்திட்டபோது பாதுகாப்பு, வெளியுறவு, தகவல் தொடர்பு என்ற மூன்று துறைகளைத்தான் தில்லியிடம் ஒப்படைத்தார். அந்த ஏற்பாட்டுக்கு அரசியலமைப்பில் 370ஆவது பிரிவு இடம் கொடுத்தது. வேறு அதிகாரம் எது போவதானாலும் மாநில அரசின் ஒப்புதல் வேண்டியிருந்தது. அன்று காஷ்மீருக்கு முதலமைச்சர் கிடையாது, பிரதமர்தான். அந்தப் பிரதமர் பதவியில் இருந்த ஷேக், 1953 ஆகஸ்டில் நீக்கப்பட்டுக் கைதானார். சட்டசபையில் தன் பலத்தைக் காட்ட அவருக்கு ஒரு நாள்கூடத் தரப்படவில்லை. அதன்பின் வந்தவர்கள் தில்லி கேட்டதற்கெல்லாம் ஒப்புதல் தந்தார்கள். 1964 இறுதியில் குடியரசுத் தலைவர் ஆட்சிக்கான 356ஆவது பிரிவு அங்கும் நீட்டப்பட்டது. 1965இல் பிரதமர் என்ற பதவி முதலமைச்சர் ஆனது.

இதற்கிடையே விடுதலையாகி, அதே ஆண்டு ஹஜ் பயணம் போன ஷேக், வழியில் அல்ஜியர்ஸில் சீனப் பிரதமர் சூ என்லாயைச் சந்தித்தார். சீனப் போரின் காயம் ஆறாத நேரம், நாடே கொதித்தது. மே 8 அன்று பாலம் விமான நிலையத்தில் இறங்கியதும் கைது. முதலில் ஊட்டி, பிறகு கொடைக்கானல்.

அவர் கேட்டது காஷ்மீர் மக்களின் சுயநிர்ணய உரிமையை. தில்லி அதைப் பிரிவினையாகப் பார்த்தது. இதில் யார் சரி என்று வாதாட இடம் இருந்தது. ஆனால் 1965இல் தொடங்கிய அந்தக் காவலில் விசாரணையே நடக்கவில்லை. கைது இந்தியப் பாதுகாப்பு விதிகளின்கீழ். 1962 அக்டோபரில் அறிவித்த நெருக்கடி நிலை, சீனா ஒரே மாதத்தில் போரை நிறுத்திய பிறகும் 1968 ஜனவரி வரை நீடித்தது. அதுவரை இந்த விதிகளில் கைதானவர், அடிப்படை உரிமையைக் காட்டி நீதிமன்றத்தின் கதவைத் தட்ட முடியாது.

இந்த விதிகளை நம் ஊரும் அறியும். 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போது கலைஞர் கருணாநிதியைப் பாளையங்கோட்டைச் சிறையில் அடைத்ததும் இவற்றைக் கொண்டுதான். அவருடைய தி.மு.க.வும் ஒரு காலத்தில் தனிநாடு கேட்ட கட்சி. 1962 மே மாதம் அண்ணா மாநிலங்களவையிலேயே திராவிட நாடு கோரிப் பேசினார். சீனப் போர் வந்ததும் அந்தக் கோரிக்கையை ஒதுக்கிவைத்தார். 1963இல் வந்த 16ஆவது திருத்தம், இந்தியாவின் இறையாண்மையையும் ஒருமைப்பாட்டையும் காப்பேன் என்று உறுதிமொழி எடுக்காமல் யாரும் தேர்தலில் நிற்க முடியாது என்றாக்கியது. தமிழ்நாட்டில் பிரிவினைக் குரல் அடங்கியது அந்தத் திருத்தத்தால் என்று பலர் சொல்வார்கள். எனக்கு அது பாதிக் காரணமாகத்தான் தெரிகிறது. மறுபாதியை 1967 தேர்தல் காட்டுகிறது. இங்கே மக்கள் ஓட்டுப்போட்டு ஆளுங்கட்சியை இறக்கினார்கள், அண்ணா முதலமைச்சரானார். அதே தேர்தலில் காஷ்மீரில் பல தொகுதிகளில் எதிர்வேட்பாளர்களின் மனுக்கள் தள்ளுபடியாகி, காங்கிரஸ் போட்டியே இல்லாமல் வென்றது. தில்லியோடு மல்லுக்கு நிற்க ஒரு மாநிலத்துக்கு வாக்குப்பெட்டி கிடைத்தது. இன்னொன்றுக்கு அதுவும் கிடைக்கவில்லை. ஷேக்கை அடைத்துவைத்துவிட்டுத் தேர்தல் நடத்துவது நியாயமாகாது என்று ஜெயப்பிரகாஷ் நாராயணன் 1966இலேயே இந்திரா காந்திக்கு எழுதியிருந்தார். யார் கேட்டார்கள்?

1968 ஜனவரியில் ஷேக் விடுதலையானார். 1975இல் இந்திராவுடன் உடன்பாடு கண்டு, பிரதமராக இருந்த மண்ணில் முதலமைச்சராக அமர்ந்தார். விசாரணையில்லாக் காவலின் வலி அவருக்குத் தெரியும். ஆனாலும் விசாரணையின்றி அடைக்க வழிசெய்யும் பொதுப் பாதுகாப்புச் சட்டத்தை 1978இல் கொண்டுவந்தது அவருடைய அரசே. 2019 ஆகஸ்டில் 370ஆவது பிரிவு செயலிழந்தது. மறுமாதம் அவர் மகன், அப்போது மக்களவை உறுப்பினராக இருந்த பரூக் அப்துல்லாவை ஸ்ரீநகர் வீட்டிலேயே காவலில் வைக்கத் தில்லி எடுத்துக்கொண்டது அந்தச் சட்டத்தைத்தான்.